வருகைப் பதிவேடு கையில் இருப்பவரிடம் யார் மனம் திறப்பார்?

ஜப்பானுக்குப் படிக்கப் போகிற வெளிநாட்டு இளைஞர்களில் கணிசமானோர் முதலில் கால் வைப்பது பல்கலைக்கழகத்தில் அல்ல, மொழிப் பள்ளியில். ஒன்றரை ஆண்டு, கூடிப்போனால் இரண்டு ஆண்டு அங்கே ஜப்பானிய மொழி படித்துவிட்டு, அதன்பிறகுதான் தொழிற்கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகிறார்கள். நாடு முழுக்க இப்படி 800-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. 2024 மே மாதக் கணக்கெடுப்பில் இவற்றில் படித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சீனா, நேபாளம், வியட்நாம், மியான்மர், இலங்கை என்று பல நாடுகளிலிருந்து வருகிற, பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள் இவர்கள். வீட்டை விட்டு முதல்முறையாக வெளியே வந்தவர்கள். பலர் கடன்பட்டு வந்தவர்கள். வந்து சேர்ந்த ஊரின் பேச்சு பாதிகூடப் புரியாதவர்கள். ஆலோசனையும் ஆதரவும் இவர்களுக்குத் தேவை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஜப்பானிய அரசின் விதிகளே அதை வலியுறுத்துகின்றன. அந்த ஆதரவை யார் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். மாணவரின் வருகையைக் கணக்கிட்டு, குறைந்தால் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கிற பள்ளியேதான், பல சமயம் அதே மேசையில் உட்கார்ந்திருக்கும் அதே ஊழியரேதான், “உனக்கு என்ன கஷ்டம், சொல்லு” என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு பொறுப்புகளையும் பிரித்து வேறுவேறு ஆட்களிடம் கொடுக்காதவரை, எத்தனை ஆலோசனை அறைகளைத் திறந்தாலும் மாணவர்கள் அங்கே முக்கியமானதைப் பேசப்போவதில்லை என்பது என் வாதம்.

காவல் வேலை பள்ளிகளிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1983-இல் பிரதமர் நகசோனேயின் அரசு, வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையை ஒரு லட்சமாக உயர்த்தப்போவதாக அறிவித்தது. அப்போது இருந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர்தான். நுழைவு விதிகள் தளர்ந்தன. தனியார் மொழிப் பள்ளிகள் புற்றீசலாகக் கிளம்பின. கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு சேர்க்கை அனுமதியை அள்ளி வழங்கிய பள்ளிகளும் அவற்றில் உண்டு. 1988-இல் விசா கிடைக்காமல் தவித்த சீன இளைஞர்கள் ஷாங்காயில் ஜப்பானியத் துணைத் தூதரகத்தை முற்றுகையிட்டார்கள். அது ஜப்பானுக்குப் பெரிய தலைகுனிவாயிற்று. பள்ளிகளின் தரத்தைப் பார்க்க அடுத்த ஆண்டே ஓர் அமைப்பு உருவானது. அந்தக் காலத்தில் மொழிப் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரி மாணவர்களுக்குரிய விசா வகைகூடக் கிடையாது. தனியான, ஒரு படி தாழ்ந்த வகையில் வைக்கப்பட்டிருந்தார்கள். 2010-இல்தான் இரண்டும் ஒன்றாயின. பெயரளவில் மாணவர்கள், உள்ளுக்குள் சந்தேகத்துக்குரியவர்கள் என்ற பார்வை மட்டும் இன்னும் முழுதாக மாறவில்லை. 2019-இல் டோக்கியோவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று ஆண்டுகளில் 1,600-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியாமல் போனது அம்பலமானபோது அந்தப் பார்வை இன்னும் இறுகியது. மொழிப் பள்ளிகளுக்கான விதிகளும் அதே ஆண்டில் கடுமையாயின.

அந்த விதிகள் மாணவரின் அன்றாடத்தில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். ஒரு மாதத்தில் மாணவரின் வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனால், அது மேலேறும்வரை பள்ளி அவரைக் கூப்பிட்டு அறிவுறுத்தி, அதை எழுதியும் வைக்க வேண்டும். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளியின் ஒட்டுமொத்த வருகைச் சராசரி ஆறு மாதத்துக்கு 70 சதவீதத்தை எட்டாவிட்டால் பள்ளியின் அங்கீகாரமே கேள்விக்குரியதாகும். எண்ணாகப் பார்த்தால் 80 சதவீதம் தாராளமாகத்தான் தெரியும். வாரத்துக்கு 20 பாடவேளை, நாளொன்றுக்கு நான்கு. மாதத்துக்கு 80 பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் வராவிட்டால் சரியாக 80-இல் நிற்பார். ஐந்தாவது நாளும் எழுந்திருக்க முடியாவிட்டால் 75. ஒரு காய்ச்சல் போதும். தாமதமாக வந்தால் அந்தப் பாடவேளை முழுவதையும் கழிக்கிற பள்ளிகளில் இது இன்னும் சீக்கிரம் நடந்துவிடும். காய்ச்சலுக்காவது மருந்துச் சீட்டைக் காட்டலாம். இரவெல்லாம் தூக்கம் வராமல் விடிகாலையில் கண்ணயர்ந்து, வகுப்புக்குப் போகவே மனம் கூசிப் போர்வைக்குள் கிடக்கிறவர் எந்தச் சீட்டைக் காட்டுவார்? விசாவைப் புதுப்பிக்கும்போது இந்த வருகைக் கணக்கு கூடவே போகிறது. அடுத்துச் சேரவேண்டிய கல்லூரியும் அதையே கேட்கிறது. ஆகவே, மனச்சோர்வின் முதல் அறிகுறியே மாணவருக்கு எதிரான முதல் ஆவணமாகவும் ஆகிவிடுகிறது.

இதைவிட ஆழமான இடம் பணம். மாணவர் விசாவில் இருப்பவர் தனியாக அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். இரண்டு மூன்று இடங்களில் செய்தாலும் மொத்தம் 28-ஐத் தாண்டக் கூடாது. நீண்ட விடுமுறைகளில் மட்டும் நாளுக்கு 8 மணி வரை சலுகை. 2024 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென். வாரம் 28 மணி, நான்கு வாரம் என்று பெருக்கினால் மாதம் சுமார் 1,30,000 யென் வருகிறது. கூலி மிகக் குறைவாக இருந்த அகிதா மாகாணத்தில் அதே கணக்கு 1,06,000-ஐ ஒட்டித்தான் நிற்கும். பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் யென், அதாவது மாதத்துக்கு அறுபது எழுபதாயிரம். மிச்சத்தில் வாடகை, சாப்பாடு, ரயில், கைப்பேசி, தேசிய மருத்துவக் காப்பீட்டுத் தவணை. இழுத்துப் பிடித்தால் ஒருவர் காலம் தள்ளலாம். ஊரில் ஏஜென்டுக்காக வாங்கிய கடனுக்கு மாதாமாதம் வட்டி அனுப்ப வேண்டும் என்றால் முடியவே முடியாது. முதல் ஆண்டுக் கட்டணத்தைப் பெரும்பாலும் வீட்டில் கடன்பட்டுக் கட்டிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் வரும்போது அந்தக் கடனும் அடைந்திருக்காது, கையிலும் காசு இருக்காது. அங்கேதான் 28 மணி 35 ஆகிறது, 40 ஆகிறது. இரவு பத்து மணி முதல் விடிகாலை ஐந்து மணி வரையிலான வேலைக்குச் சட்டப்படி 25 சதவீதம் கூடுதல் கூலி உண்டு. சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையிலோ பார்சல் பிரிக்கும் கிடங்கிலோ இரவு முழுக்க நின்றுவிட்டு, காலை ஒன்பது மணி வகுப்பில் வந்து உட்காருகிற பிள்ளையின் தலை பத்து மணிக்குள் மேசையில் சாய்ந்துவிடுகிறது. ஆசிரியர் தட்டி எழுப்பி, “என்ன ஆச்சு?” என்று கேட்டால் அவரிடம் சொல்வதற்கு உண்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பதில் விதிமீறலை ஒப்புக்கொள்வது. விசா புதுப்பிப்பே மறுக்கப்படலாம். எனவே “ஒன்றுமில்லை, சென்செய், தூக்கம் சரியில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து உட்காருகிறார். அவரை நோயாளியாக்குவது எதுவோ, அதைத்தான் உதவக்கூடியவரிடம் அவர் சொல்லவே முடியாது. வாடகைப் பாக்கி வைத்திருப்பவர் வீட்டுக்காரரிடமே போய்த் தன் பணக்கஷ்டத்தை விலாவாரியாகச் சொல்வாரா?

காவலும் கவனிப்பும் ஒரே இடத்தில் குவிந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபுகுவோக்காவில் ஒரு பள்ளியில் 2021 அக்டோபரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தன் அடுத்த படிப்பு பற்றிப் பள்ளியோடு முரண்பட்ட ஒரு வியட்நாமிய மாணவரைப் பள்ளி ஊழியர் ஒருவர் சங்கிலியும் பூட்டும் போட்டுப் பல மணி நேரம் பிணைத்து வைத்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் குடிவரவுத் துறை, மனித உரிமை மீறலைக் காரணம் காட்டி, மாணவர்களைச் சேர்க்கும் தகுதியை அந்தப் பள்ளியிடமிருந்து பறித்தது. இப்படி நடப்பது மிக மிக அரிது. பெரும்பாலான பள்ளிகளுக்கு இதை ஒட்டவைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் மாணவர் நம் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்ற பதற்றம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறது. அந்தப் பதற்றத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. பாஸ்போர்ட்டை வாங்கிப் பள்ளியில் வைத்துக்கொள்வது, வேறு பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகக் கேட்கும் சான்றிதழை இழுத்தடிப்பது போன்றவை அவற்றில் சில. காணாமல் போகும் ஒவ்வொரு மாணவரும் பள்ளியின் கணக்கில் ஒரு கரும்புள்ளியாக விழுகிற அமைப்பில், மாணவரை நோயாளியாகவோ கடனாளியாகவோ பார்ப்பதற்கு முன்பு, ஓடிப்போகக் கூடியவராகப் பார்க்கத் தோன்றிவிடுகிறது.

இன்னொரு முனையில் நிற்பது இலங்கைப் பெண் விஷ்மா சந்தமாலியின் கதை. 2017-இல் மாணவர் விசாவில் ஜப்பானுக்கு வந்து டோக்கியோவுக்கு அருகே ஒரு மொழிப் பள்ளியில் சேர்ந்தார். சிறிது காலத்தில் வகுப்புக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றது. பள்ளியின் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. பின்னர் விசாவும் போனது. 2020 ஆகஸ்டில், கூட வாழ்ந்தவரின் வன்முறைக்கு அஞ்சிக் காவல் நிலையத்துக்குப் போனவரை, விசா காலாவதியானதற்காகப் பிடித்து நகோயா குடிவரவுத் தடுப்பு மையத்தில் அடைத்தார்கள். அங்கே உடல் நலிந்து, உரிய மருத்துவம் கிடைக்காமல், 2021 மார்ச் 6 அன்று 33 வயதில் இறந்தார். அந்த மரணத்துக்குத் தடுப்பு மையம்தான் பதில் சொல்ல வேண்டும், மொழிப் பள்ளி அல்ல. என்றாலும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை மறந்துவிடக் கூடாது. ஒரு மாணவி வகுப்புக்கு வராமல் போகும்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்பது வேறு, அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது வேறு. முதல் கேள்விக்கு விதிகளில் படிவம் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஆள் ஒருவர் அவளுக்குத் தேவை.

மொழிப் பள்ளிகள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது தவறு. மாணவர்களின் அன்றாட வாழ்க்கைக்கு வழிகாட்டும் ஊழியர்களை வைத்திருக்க வேண்டும், மாணவர்களுக்கு நன்றாகப் புரியும் மொழியில் அவர்கள் பேசக் கூடியவர்களாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்கள் செய்கிற வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். விமான நிலையத்தில் அழைத்துவருவது, வந்த பதினான்கு நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வைப்பது, வங்கிக் கணக்கு, காப்பீடு, குப்பையைப் பிரித்துப் போடும் நாட்கள், பல் வலிக்கு மருத்துவர், வீட்டுக்காரரின் புகார், வேலை தேடப் போகும்போது எழுதிக் கொடுக்க வேண்டிய தன்விவரம் என்று நாள் முழுக்க ஓடுகிறார்கள். பல பள்ளிகளில் இவர்களும் முன்னாள் மாணவர்களே. நேபாளியோ வியட்நாமிய மொழியோ பேசுகிறவர்கள். இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஊழியரேதான் தன் நாட்டு ஏஜென்டுகளோடு பேசி அடுத்த ஆண்டு மாணவர்களைச் சேர்க்கிறவராகவும், வராதவரின் அறைக் கதவைத் தட்டி எழுப்புகிறவராகவும், வருகை அறிக்கையை நிரப்புகிறவராகவும் இருந்தால், தாய்மொழியில் பேசக் கிடைத்த ஒரே ஆளிடமும் மாணவர் அளந்துதான் பேசுவார். தன்னை ஏமாற்றிய ஏஜென்டைப் பற்றி, அந்த ஏஜென்டோடு வாராவாரம் பேசுகிறவரிடம் எப்படிப் புகார் சொல்வது?

தாய்மொழி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளிகளில் சேர விண்ணப்பிக்கிறவர் ஊரிலேயே சுமார் 150 மணி நேரம் ஜப்பானிய மொழி படித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. அந்த அளவு மொழியில் தலை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்று சொல்லலாம். இரண்டு வாரமாக நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது, அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் சிரிக்கிறேன், அப்புறம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மானுடவியலாளர் காலர்வோ ஓபெர்க் 1960-இல் பண்பாட்டு அதிர்ச்சி பற்றி எழுதியதிலிருந்து, புது நாட்டுக்குப் போகிறவருக்கு முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு மெல்ல மீட்சி என்ற சித்திரம் பரவலாகிவிட்டது. இதை நம்பி, முதல் சில மாதம் பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள், பிரச்சினை பிறகுதான் வரும் என்று பள்ளிகள் நினைத்தால் அது ஆபத்து. நியூசிலாந்துக்குப் போன ஜப்பானிய மாணவர்களை காலீன் வார்டும் அவருடைய சகாக்களும் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மன உளைச்சல் உச்சத்தில் இருந்தது வந்து இறங்கிய உடனேதான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நடைமுறை அறிவோடு ஒத்துப்போகிறது. வாழ்க்கை முழுவதும் ஒரே நாளில் மாறிப்போவது வந்திறங்கும் நாளில்தானே. ஆக, உதவி அதிகம் தேவைப்படும் காலமும், உதவி கேட்க மொழி இல்லாத காலமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

இரண்டு பொறுப்புகளையும் பிரிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு எழும் மறுப்புகளில் முதலாவது ஆசிரியர்களிடமிருந்து வருவது, மதிக்கத்தக்கது. வகுப்பாசிரியரைவிட மாணவரை யாருக்கு நன்றாகத் தெரியும்? இருபது பேருக்கு மேற்படாத வகுப்பு, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், வெளியாள் எதற்கு? கவனிப்பதற்கு ஆசிரியரைவிடச் சிறந்தவர் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எழுத்து சிறுத்துப்போவதையும், பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சு நின்றுபோவதையும் முதலில் பார்ப்பவர் அவர்தான். ஆனால் கவனிப்பது வேறு, கேட்டு வைத்துக்கொள்வது வேறு. மொழிப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாக, பாடவேளைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வேலை செய்கிறவர்கள். வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் அந்த ஒரு மணிக்குச் சம்பளம் இல்லை. கேட்டதை மறைக்கவும் முடியாது, சொல்லவும் மனம் வராது என்ற இக்கட்டில் தவிக்கிற ஆசிரியருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். “இதை நான் கேட்கக் கூடாது, ஆனால் கேட்கக் கூடியவர் ஒருவர் இருக்கிறார், வா” என்று அழைத்துப் போக ஓர் இடம் இருந்தால் அவருடைய அக்கறையும் வீணாகாது.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடுமையானது. இவர்களில் பலர் படிக்க வரவில்லை, சம்பாதிக்க வந்தவர்கள். இவர்களுக்கு எதற்கு ஆலோசனை என்கிறார்கள். சம்பாதிக்க வந்தவர்களும் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் மாணவர் விசாவையும் 28 மணி வேலையையும் சேர்த்துப் பிணைத்து வடிவமைத்தது அரசு. அந்த 28 மணிகளை நம்பி இரவுக் கடைகளையும் கிடங்குகளையும் நடத்துவது ஜப்பானியப் பொருளாதாரம். நகரத்துச் சிறுகடைகளில் ராத்திரி கல்லாவில் நிற்பது யார் என்று பார்த்தாலே தெரியும். உழைப்பை வாங்கிக்கொண்டு, உழைக்க வந்தாய் என்று குற்றம் சொல்வது நேர்மையல்ல. தவிர, படிக்கத்தான் வந்தவருக்கும் வேலை செய்தால்தான் கட்டணம் கட்ட முடியும் என்பதை மேலே போட்ட கணக்கே காட்டுகிறது. யார் எதற்கு வந்தார் என்று பிரித்துப் பார்ப்பதற்குமே, அவர்கள் அச்சமின்றிப் பேசுகிற ஓர் இடம் தேவை.

மூன்றாவது மறுப்புதான் இந்த வாதத்தின் மையத்தைத் தொடுகிறது. ஆலோசகர் கேட்டதை வெளியே சொல்ல மாட்டார் என்றால், விதியை மீறுகிறவர்களுக்கு அது புகலிடம் ஆகிவிடாதா? ஜப்பானின் சட்டமே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2015-இல் நிறைவேறி 2017-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் தகுதி பெறும் உளவியலாளர்களுக்கு இரகசியம் காப்பது சட்டக் கடமை. மீறினால் தண்டனை உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசனை அறை இருக்கிறது; அவற்றை யாரும் விதிமீறலுக்குப் புகலிடம் என்று சொல்வதில்லை. பல்கலைக்கழக மாணவருக்குச் சரி என்று பட்டது, அதே விசாவில் இருக்கும் மொழிப் பள்ளி மாணவருக்கு ஏன் தவறாகப் படுகிறது? ஆஸ்திரேலியாவின் ஏற்பாடும் பார்க்கத்தக்கது. அங்கும் ஆங்கில மொழிப் பள்ளி மாணவர்களின் வருகையைக் கண்காணித்து, 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அரசுக்குத் தெரிவிக்கிறார்கள். கண்டிப்பில் குறைவில்லை. ஆனால் 2018-இல் வந்த தேசிய விதித்தொகுப்பின்படி, தெரிவிப்பதற்கு முன்பு மாணவருக்கு எழுத்தில் அறிவித்து, மேல்முறையீடு செய்ய 20 வேலைநாள் கொடுக்க வேண்டும். பள்ளியின் முடிவில் திருப்தி இல்லையென்றால் பள்ளிக்கு வெளியே ஒரு சுதந்திரமான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். ஆதரவுச் சேவைகளையும் தனிக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. கண்காணிப்பை விடாமலே, கேட்கும் காதை வேறொருவரிடம் கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. விதி மீறலைப் பொறுத்தவரை, சீக்கிரமே பேச முடிந்தால் 35 மணியை மறுபடி 28-க்குக் கொண்டுவர வழி இருக்கும். கட்டணத்தைத் தவணையாக்கலாம், நியாயமான கூலி தரும் வேலையைத் தேடித் தரலாம். பேச முடியாதவர் ஒருநாள் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறார். அதன்பிறகு விதியும் காக்கப்படுவதில்லை, ஆளும் காக்கப்படுவதில்லை.

இப்படிப்பட்ட காது கிடைத்தால் பிள்ளைகள் தேடிப் போகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அது பள்ளிகளுக்கு வெளியே இருக்கிறது. சைதாமா மாகாணத்தின் ஹொன்ஜோ ஊரில் தாய்ஒன்ஜி என்ற பௌத்தக் கோவிலை நடத்துகிறவர் திக் தாம் திரி என்ற வியட்நாமியப் பிக்குணி. 2020-இல் கொரோனாவால் வேலை இழந்து, அறை வாடகை கொடுக்க முடியாமல், விமானமும் இல்லாமல் நின்ற வியட்நாமிய இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ச் சேர்ந்தது அங்கேதான். மாணவர்களும் தொழிற்பயிற்சிக்கு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். தங்கள் மொழி பேசுகிற, சோறு போடுகிற, யாருக்கும் அறிக்கை அனுப்பாத ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் அத்தனை தூரம் பயணம் செய்து போனார்கள். இந்தப் பிள்ளைகள் ஆலோசனைக்கெல்லாம் வர மாட்டார்கள், மனநல உதவி என்றாலே கேவலம் என்று நினைப்பார்கள் என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கேவலம் என்ற எண்ணம் இருக்கிறது, நம் ஊரிலும் இருக்கிறது. அதனால்தான் கதவில் ஆலோசனை அறை என்று எழுதிப்போட்டு, வருகிறவர் வரட்டும் என்று காத்திருப்பது போதாது. வந்த முதல் மூன்று மாதத்தில் ஒவ்வொரு மாணவரையும், நன்றாக இருப்பவரையும் சேர்த்து, தாய்மொழியில் அரை மணி நேரம் சந்தித்துவிட்டால், போனவர் யார் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டும் வேளையிலும், எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்று குழம்பும் இலையுதிர் காலத்திலும் இன்னொரு முறை.

செலவு பற்றிய மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. நூறு மாணவர்களை வைத்திருக்கும் சிறு பள்ளி, நேபாளி, பர்மியம், சிங்களம், வியட்நாமிய மொழி பேசும் நான்கு உளவியலாளர்களை வைத்துக்கொள்ள முடியாதுதான். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு நகரத்தின் பத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் எந்தப் பள்ளிக்கும் கீழ்ப்பட்டவராக இல்லாமலிருப்பது இன்னும் நல்லது. டோக்கியோவின் யோட்சுயாவில் 2020-இல் அரசு திறந்த வெளிநாட்டவர் உதவி மையத்தில் பல துறைகளின் ஆலோசனை ஒரே கூரையின் கீழ் கிடைக்கிறது. காணொளி வழியாகவும் பேசலாம். காசில்லை என்பதைவிட, யார் வீட்டுக் காசு என்ற கேள்விதான் இதுவரை தடுத்து வந்திருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2023-இல் நிறைவேறி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், மொழிப் பள்ளிகளைக் கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது. ஆசிரியர்களுக்கும் தேசியத் தகுதி வந்திருக்கிறது. முதல் சுற்றில் விண்ணப்பித்த 72 பள்ளிகளில் 22-க்குத்தான் அங்கீகாரம் கிடைத்தது. இடைக்காலம் முடியும் 2029 மார்ச்சுக்குள் அங்கீகாரம் பெறாத பள்ளிகள் மாணவர் விசாவில் யாரையும் சேர்க்க முடியாது. அந்த ஆய்வில் பாடத்திட்டத்தோடு மாணவர் ஆதரவு ஏற்பாடும் பார்க்கப்படுகிறது. பார்க்கிறவர்கள், ஆலோசனைக்கு ஓர் அறையும் ஒரு பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், அந்தப் பெயருக்கு உரியவர் வருகை அறிக்கையிலும் கையெழுத்துப் போடுகிறாரா, ஆள் சேர்ப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறாரா என்றும் கேட்டால், ஒரே கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். இந்தத் துறையை இத்தனை காலமும் குடிவரவின் கண்ணால் மட்டுமே பார்த்த நாடு, கல்வியின் கண்ணால் பார்க்கத் துணிந்திருப்பதால் இதை எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

இலங்கையிலிருந்து இந்தப் பள்ளிகளுக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே கணிசம். சென்னையிலும் ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு நடக்கிறது, மொழி கற்பவர்கள் கூடிவருகிறார்கள். மொழிப் பள்ளி வழியாகப் போக நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களை அனுப்புகிற பெற்றோர் இப்போது கட்டணம் எவ்வளவு, விடுதி எப்படி, வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இன்னும் சிலவற்றையும் கேட்க வேண்டும். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை 28 மணிக் கூலியில் கட்ட முடியாமல் போனால் பள்ளி என்ன செய்யும்? என் பிள்ளைக்கு உடம்போ மனமோ சரியில்லாமல் ஒரு வாரம் வகுப்புக்குப் போகாவிட்டால் முதலில் யார் பேசுவார், எந்த மொழியில்? அவரிடம் சொன்னது பள்ளி அலுவலகத்துக்குப் போகுமா, போகாதா? ஏஜென்டிடம் இதைக் கேட்டால், பள்ளியில் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்வார். அதோடு விட்டுவிடாமல், பணம் கட்டுவதற்கு முன்பு பள்ளியிடமே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளலாம்.